கையில் இருக்கும் ஹேண்டிகேமில் 12 நிமிடக் குறும்படம்: செட்டிங், ஒலி, வெளிச்சம்

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. கேமரா சோனி எச்டிஆர் சிஎக்ஸ்405. இந்தியாவில் விற்ற மாடல், அதனால் 50ஐ / 25பி வகை (நொடிக்கு 50 அரைப்படம் / 25 முழுப்படம்). 12 நிமிடக் குறும்படம், மூன்று நடிகர்கள், வசனம் நிறைய. இடங்கள்: ஓட்டு வீட்டுத் திண்ணை, பகலில் ஒரு களத்துமேடு, இரவில் ஓர் அறை. கேமரா தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 10,000 ரூபாய்.

என் கேள்விகள்: எந்த ஃபார்மேட்டில் எடுப்பது? இதில் மைக் ஜாக்கே இல்லை, வசனத்தை எப்படிப் பதிவது? கல்யாண வீடியோ மாதிரி தெரியாமல் இருக்க என்ன செய்வது? இந்தப் பணத்துக்குப் பழைய கேனன் எச்வி20 டேப் கேமரா வாங்கினால் பலன் உண்டா?

ஒளிநாடா:
முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒன்றுதான். கல்யாண வீடியோ தோற்றத்துக்குக் காரணம் விலை குறைந்த லென்ஸ் அல்ல. கேமரா தானாக முடிவெடுப்பதுதான். ஷாட் நடுவில் வெளிச்சம் ஏறும், வெள்ளைச் சுவர் மஞ்சளாகிப் பிறகு நீலமாகும், ஃபோகஸ் தேடி அலையும், ஜூம் ஓடும். பார்ப்பவருக்கு இதுதான் "வீடியோ" என்று உறைக்கிறது. ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள்.

ஃபார்மேட்: எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு வடிவம், 1920x1080, 25பி, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்). இன்னொரு வடிவமான ஏவிசிஎச்டியில் 50ஐ வகையில் எடுக்காதீர்கள். அரைப்படங்கள் கலப்பதால் வரும் இன்டர்லேஸ் வரிகளை எடிட்டில் நீக்கும்போது கூர்மை போகும். எக்ஸ்ஏவிசி எஸ் பதிய மைக்ரோ எஸ்டிஎக்ஸ்சி கார்டு, அதாவது 64 ஜிபி அல்லது அதற்கு மேல், கிளாஸ் 10 வேண்டும். 32 ஜிபி கார்டைப் போட்டால் அந்தத் தேர்வையே கேமரா ஏற்காது. கணக்கு: 50 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 22.5 ஜிபி. 64 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். போலி கார்டுகள் சந்தையில் ஏராளம். வாங்கியதும் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

அணைக்க வேண்டியவை: இன்டெலிஜென்ட் ஆட்டோ, லோ லக்ஸ், ஆட்டோ பேக் லைட், டிஜிட்டல் ஜூம், ஸ்மைல் ஷட்டர். இவற்றில் லோ லக்ஸ் மிக மோசமானது. இருட்டில் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், நொடியில்) 1/25க்கு இறக்கிவிடும், நடிகர் கை அசைத்தால் இழுபட்டுத் தெரியும். முக்காலியில் இருக்கும்போது நடுக்கம் குறைக்கும் ஸ்டெடிஷாட்டையும் அணையுங்கள். பேன் செய்து (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி) நிறுத்தும்போது படம் ஒரு கணம் கூடுதலாக நகர்ந்து திரும்புவது அதனால்தான்.

பிறகு, நடிகர் நிற்கும் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து ஒயிட் பேலன்ஸை ஒன் புஷ்ஷில் எடுக்கவும். முகத்தை நிறைத்துக் காட்டி எக்ஸ்போஷரை மேனுவலாக்கிப் பூட்டவும். ஃபோகஸுக்கு, முழு ஜூம் போய் கண்ணைப் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வேண்டிய ஃப்ரேமுக்குத் திரும்பி வரவும். கேமராவை அணைத்துப் போட்டால் இவை ஆட்டோவுக்குத் திரும்பியிருக்கலாம், ஒவ்வொரு முறையும் பாருங்கள். வெளிச்சம் மாறினால் மூன்றையும் மறுபடி எடுக்க வேண்டும்.

நிழல்வீதி:
ஷட்டரைப் பற்றிச் சேர்க்கிறேன். இந்த மாடலில் ஷட்டர் வேகத்துக்குத் தனி அமைப்பு கிடையாது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் அது தானாகவே 1/50க்கு வந்து நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். சிக்கல் களத்துமேட்டில். நடுப்பகலில் 1/400, 1/800 என்று ஏறி, நடை வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸ் முன்னால் என்டி8 ஃபில்டர் வைத்தால் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும், 1/400 என்பது 1/50 ஆகும். இந்தக் கேமராவில் ஃபில்டர் திருக மரை இல்லை. கறுப்பு அட்டையில் சதுரக் குழாய் செய்து, அதன் வாயில் 58 மிமீ ஃபில்டரை ஒட்டி, கேமரா உடம்பில் ரப்பர் பேண்டால் பிடிக்க வைக்கலாம். அட்டையின் உட்புறம் கறுப்பாக இல்லாவிட்டால் ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் பிரதிபலிப்பு விழும்.

பணம் வேண்டாம் என்றால் களத்துக் காட்சியைக் காலை 7 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ வையுங்கள். ஷட்டரும் இறங்கும், கண்ணுக்குக் கீழே விழும் உச்சி வெயில் நிழலும் போகும்.

கத்தரிமேசை:
ஒளிநாடா 25பி என்கிறார். எனக்கு அதில் சின்ன மாற்றுக் கருத்து உண்டு. வீட்டுக்குள், ஷட்டர் 1/50இல் நிற்கும் இடத்தில், 50பி (நொடிக்கு 50 முழுப்படம்) எடுத்து 25 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேம் விழும். மீதி ஃப்ரேம் ஒவ்வொன்றும் 1/50 ஷட்டரில் எடுத்ததுதான். அதாவது அசைவு 25பி மாதிரியே இருக்கும், வேண்டிய ஷாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கும் வசதியும் மிஞ்சும்.

ஒளிநாடா:
அசைவுக் கணக்கு சரிதான், ஏற்கிறேன். ஆனால் அதே 50 எம்பிபிஎஸ்ஸை இரட்டை ஃப்ரேம்கள் பங்கிடும். ஓட்டுக்கூரை, வைக்கோல், மர இலை மாதிரி நுணுக்கம் அதிகமான ஷாட்டில் கட்டம் கட்டமாக உடையும். வசனக் காட்சி முழுக்க 25பி, மெதுவாக்க வேண்டிய ஷாட்டுக்கு மட்டும் 50பி என்று வைத்துக்கொள்ளலாம்.

வடலிக்காடு:
ஒரு விசயம், கமரா வெளிநாட்டில இருந்து வந்திருந்தால் மட்டும். இலங்கையிலயும் இந்தியாவிலயும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கனடா, அமெரிக்காவில விக்கிற கமராக்கள் 60ஐ. எங்கட ரியூப்லைற்றும் மலிவு எல்ஈடியும் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/60 ஷட்டரில ஒரு ஃபிரேமுக்குள்ள ஒன்றரைத் துடிப்புக்கு மேல அரைகுறையாய் விழும், அதுதான் படம் முழுக்க வெளிச்சம் அலை மாதிரி ஓடுறது. ஷட்டர் வைக்கக்கூடிய மாடல் எண்டால் 1/100 வையுங்கோ. ஒவ்வொரு ஃபிரேமிலயும் சரியாய் ஒரு முழுத் துடிப்பு விழும், ஆட்டம் நிண்டிடும். முக்கால் ஸ்டொப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டொப் எண்டால் பாதியாகும்), விளக்கைக் கிட்டக் கொண்டு வரலாம். ஷட்டர் வைக்க ஏலாத மாடலெண்டால் பற்றறி விளக்கு, இல்லாட்டி சன்னல் வெளிச்சம். எடிட்டையும் 30 ஃபிரேமிலேயே முடியுங்கோ. 25உம் 30உம் கலந்தால் பான் ஷொட் எல்லாம் இடறும்.

ஒலிப்பெட்டி:
வைகை, 10,000ல 6,000 ஒலிக்குப் போகணும்னு நான் சொல்வேன். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பார்ப்பாங்க. வசனம் கிணத்துக்குள்ள இருந்து வந்தா ரெண்டாவது நிமிஷம் மூடிடுவாங்க.

மைக் ஜாக் இல்லாத கேமராவுக்கு வழி ஒண்ணுதான். ஒலியைத் தனியா ரெக்கார்டர்ல எடுக்கணும். ஜூம் எச்1என், டாஸ்கேம் டிஆர்-05 இந்த வகை போதும், பழசா கிடைச்சாலும் சரி. ஃபேண்டம் பவர் கேட்கிற எக்ஸ்எல்ஆர் மைக்கெல்லாம் இந்த பட்ஜெட்ல வேண்டாம், அந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை இந்த ரெக்கார்டர்கள் தராது.

செட்டிங்: டபிள்யூஏவி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 44.1 வேண்டாம், வீடியோவோட ஒலி 48தான். ஆட்டோ லெவலை அணைச்சிடுங்க. அது இருந்தா வசனத்துக்கு நடுவுல மௌனம் வரும்போதெல்லாம் 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சல் ஏறும், அடுத்த சொல் வந்ததும் அமுங்கும். எடிட்ல அதைச் சரிபண்ண முடியாது. நடிகர் ரொம்பச் சத்தமாப் பேசுற வரியைச் சொல்லச் சொல்லி, முள் -12 டிபியில நிக்குற மாதிரி வையுங்க. லோ கட் (அடி உறுமலை வெட்டுறது) 80 ஹெர்ட்ஸ்.

மைக் எங்க இருக்குங்கிறதுதான் எல்லாம். ஒட்டடை அடிக்கிற நீட்டுக் கம்பு, கடையில கிடைக்கிற அலுமினியக் கம்பு, அதோட முனையில ரெக்கார்டரை மாட்டுங்க. நேரா கட்டினா கையோட உரசல் எல்லாம் ஏறும். 3 இன்ச் பிவிசி குழாயில 2 இன்ச் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, ரப்பர் பேண்ட் குறுக்கும் நெடுக்குமா மாட்டி, நடுவுல ரெக்கார்டரைத் தொங்க விடுங்க. ஃப்ரேமுக்கு மேல, வாய்க்கு ஒன்றரையில இருந்து ரெண்டு அடிக்குள்ள. நாலு அடி போனா அறையோட சத்தம்தான் பதியும். வெளியில காத்துக்கு நுரை மட்டும் போதாது, முடி வச்ச ஃபர் உறை வேணும்.

காலர் மைக் வாங்கினா பிளக்கைப் பாருங்க. போனுக்கான மைக்ல மூணு கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ரெண்டு. மாத்திச் செருகினா ஒலியே வராது, இல்லைன்னா உறுமல் மட்டும் வரும். போயா பிஒய்-எம்1ல ஒரு சுவிட்ச் இருக்கு, அதைக் கேமரா பக்கம் தள்ளணும். கேபிள் 6 மீட்டர். மோவாய்க்கு ஒரு சாண் கீழ ஒட்டுங்க. பருத்திச் சேலை பரவாயில்லை, பட்டும் பாலியெஸ்டரும் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும்.

இடம்: ஓட்டு வீடு எதிரொலிக்காது, நல்லது. இரவு அறை கான்கிரீட்டா இருந்தா ஃப்ரேமுக்கு வெளிய ஜமுக்காளம், கோரைப்பாய், போர்வை எல்லாத்தையும் சுவர்ல தொங்க விடுங்க. ஃபேனை நிறுத்துங்க. ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்க, பைக் சாவியை அதுக்குள்ள வச்சிட்டா கிளம்பும்போது மறுபடி போட மறக்காது. ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரும் அசையாம 30 நொடி வெறும் சத்தத்தைப் பதிஞ்சுக்கோங்க. வெட்டு விழற இடத்துல அதைத்தான் அடியில ஓட விடணும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. பின்னணி மங்கலாகத் தெரிய இந்தக் கேமராவில் வழி உண்டா? முழு ஜூமில் எடுக்கச் சொல்லி எங்கேயோ படித்தேன்.

நிழல்வீதி:
கணக்கோடு பார்க்கலாம். லென்ஸ் 1.9 முதல் 57 மிமீ வரை, எஃப்1.8 முதல் எஃப்4 வரை. மங்கலை முடிவு செய்வது ஒளி நுழையும் வாயின் உண்மையான விட்டம். வைட் முனையில் 1.9ஐ 1.8ஆல் வகுத்தால் 1 மிமீ சொச்சம். முழு ஜூமில் 57ஐ 4ஆல் வகுத்தால் 14 மிமீ. மார்பளவு ஷாட்டின் அகலம் 90 செமீ என்று கொண்டால், வெகு தூரத்துப் பின்னணிப் புள்ளி ஒன்று வைட்டில் 2 பிக்ஸல் பரவும், முழு ஜூமில் 30 பிக்ஸல். படத்தின் அகலம் 1920. 30 பிக்ஸல் என்றால் பின்னணி நன்றாக விலகித் தெரியும், கரைந்து போகாது.

ஆனால் முழு ஜூமில் மார்பளவு ஷாட் எடுக்க நடிகரிடமிருந்து 65 அடி தள்ளி நிற்க வேண்டும். அங்கே விரல் பட்டாலே ஃப்ரேம் ஆடும். பகலில் களத்துமேட்டில் கானல் நெளியும். பாதி ஜூம் அளவில், 30 அடி தூரம் என்பது செய்யக்கூடியது. திண்ணையில் அதற்கும் இடம் இருக்காது.

அதனால் மங்கலுக்குப் பின்னால் ஓடாதீர்கள். முகத்தைவிடப் பின்னணி கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும். சுவர் காலண்டர், பளிச்சென்ற வாளி, பச்சைக் குடம் இவற்றை ஃப்ரேமிலிருந்து எடுத்துவிடுங்கள். நடிகரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் 6 அடி முன்னால் கொண்டு வாருங்கள். கண் தானாக முகத்துக்குப் போகும்.

பழையநாடா:
எச்வி20 கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2007இல் வந்தது. 1/2.7 இன்ச் சென்சார், உங்கள் கேமராவின் 1/5.8ஐவிட நன்றாகவே பெரியது. 43 மிமீ ஃபில்டர் மரை, மைக் ஜாக், ஹெட்ஃபோன் ஜாக், ஷட்டர் முன்னுரிமை, மாறுபாட்டைத் தணிக்கும் சினி மோடு எல்லாம் உண்டு. பால் (PAL, நம் ஊர் வகை) மாடலில் 25பி. நல்ல மினிடிவி டேப்பில் எடுத்த எச்வி20 படத்தின் சாயலை இன்றைய சின்ன ஹேண்டிகேம் தராது.

அதைப் பயன்படுத்தும் முறை: டிவி (Tv) எனப்படும் ஷட்டர் முன்னுரிமை மோடில் 1/50 வைத்து, வெளிச்சத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைப் பூட்டி, ஃபோட்டோ பொத்தானைப் பாதி அழுத்தினால் துவாரமும் ஷட்டரும் திரையில் வரும். துவாரம் 1.8இல் முழுதாகத் திறந்திருந்தால் கெயின் (படத்தை மின்னணு முறையில் பிரகாசமாக்குவது) ஏறத் தொடங்கிவிட்டது என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கத்தரிமேசை:
பழையநாடா சொல்லும் படத்தின் தரத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த பட்ஜெட்டுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். எச்டிவி (HDV, எச்வி20 டேப்பில் பதியும் வடிவம்) பதிவை அப்படியே கணினியில் ஏற்ற ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வேண்டும், அதுவும் நிஜ நேரத்தில்: 60 நிமிட டேப்புக்கு 60 நிமிடம். இன்றைய மடிக்கணினியில் அந்த போர்ட் இல்லை. ஆப்பிள் மேக்கில் அடாப்டர்களைச் சங்கிலியாக மாட்டி ஓட்டியவர்களுக்கும் 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ அந்த ஆதரவை நீக்கிவிட்டது. பழைய டெஸ்க்டாப்பும் பிசிஐ கார்டும் தேட வேண்டும். அடுத்தது டேப். எச்டிவியில் 50ஐ படம் 12 ஃப்ரேம் கொத்தாகச் சுருக்கப்படுகிறது. டேப்பில் ஒரு தூசிப் புள்ளியால் தகவல் விட்டுப்போனால் அரை நொடி முழுக்க உறைந்துவிடும். பழைய டிவி (DV) வடிவத்தில் ஒரு ஃப்ரேம்தான் போகும், இதில் அப்படி இல்லை. நம் ஊர் ஈரத்தில் இத்தனை வருடம் இருந்த டெக்கில் ரப்பர் உருளையும் ஹெட்டும் எப்படி இருக்கும் என்பது வாங்கும்வரை தெரியாது.

கேமரா மாற்றியே ஆக வேண்டுமென்றால் எஸ்டி கார்டில் பதியும் கேனன் லெக்ரியா எச்எஃப் ஜி10 மாதிரி ஒன்றைப் பாருங்கள். 2011 மாடல், 1/3 இன்ச் சென்சார், 58 மிமீ மரை, ஃபோகஸ் வளையம், ஜீப்ரா (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் வரி காட்டுவது), பீக்கிங் (ஃபோகஸான விளிம்பைக் காட்டுவது), மைக், ஹெட்ஃபோன். அதில் ஒரு பொறி உண்டு. பிஎஃப்25 (25 முழுப்படம்) என்று எடுத்தாலும் கோப்பு 50ஐ என்றே முத்திரை குத்தப்பட்டிருக்கும். எடிட்டரில் கிளிப்பை ப்ரோக்ரெசிவ் என்று கையால் மாற்றாவிட்டால், அது இல்லாத வரிகளை நீக்கி (டீஇன்டர்லேஸ்) பாதிக் கூர்மையை வீணாக்கும்.

பழையநாடா:
ஃபயர்வயர் கணினி ஏற்கெனவே உள்ளவருக்கு மட்டும் எச்வி20 என்று திருத்திக்கொள்கிறேன். டேப் வாங்கினால் ஒரே பிராண்டில் வாங்க வேண்டும், ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்து வந்தால் ஈரப்பத எச்சரிக்கை போகும்வரை டேப்பைப் போடக் கூடாது.

ஒளிநாடா:
ஜீப்ரா பேச்சு வந்ததால். கையேடுகளில் "முகத்தில் 70% வரி வர வேண்டும்" என்றிருக்கும். அது வெளுத்த தோலுக்கு எழுதியது. நம் மாநிற முகத்தையும் கறுத்த முகத்தையும் 70க்கு ஏற்றினால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, தோலின் செம்மை போய் சாம்பல் பூசியது போலாகும், பின்னணி வானம் முற்றிலும் வெடித்துவிடும். கறுத்த முகம் 45 முதல் 55க்குள் இருக்கட்டும். வரி நெற்றி வியர்வைப் பளபளப்பில் மட்டும் தொட்டுப் போகலாம். சிஎக்ஸ்405இல் முகத்தைக் காட்டி எக்ஸ்போஷரைப் பூட்டிய பிறகு இரண்டு மூன்று படி கீழே இறக்குங்கள். ஆட்டோ எப்போதும் கறுத்த முகத்தைச் சராசரிச் சாம்பலுக்கு ஏற்றப் பார்க்கும்.

இரவு அறைக்கு: இருட்டில் எடுக்காதீர்கள். இந்தச் சென்சார் அளவுக்கு இருட்டு என்றால் கெயின், கெயின் என்றால் புழுப்போல் நெளியும் புள்ளிகள். நன்றாக வெளிச்சம் போட்டு எடுத்து எடிட்டில் இறக்குங்கள். ஜன்னலுக்கு வெளியே 6500கே (நீலம் கலந்த வெள்ளை) எல்ஈடி பல்புகள் நான்கு, 9 அல்லது 12 வாட், ஒரு மரச் சட்டத்தில் வரிசையாக. ஜன்னலில் நாலு முழ வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினால் ஒளி மென்மையாகும். அறைக்குள் காட்சியில் தெரியும் விளக்காக 2700கே (மஞ்சள்) பல்பு ஒன்று. ஒயிட் பேலன்ஸை இங்கே தாளில் எடுக்காமல் இன்டோர் பிரீசெட்டில் வையுங்கள். உள்விளக்கு இயல்பாகவும் ஜன்னல் நிலா நீலமாகவும் விழும். சுழலும் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் வெட்டும், இடத்தை மாற்றவும்.

வைகைக்கரை:
திண்ணையில் ஒரு சிக்கல். பின்னால் தெரு பளீரென்று இருக்கிறது, முகம் கறுத்துப் போகிறது. முகத்தைச் சரிசெய்தால் தெரு வெள்ளையாகிவிடுகிறது.

நிழல்வீதி:
கேமராவைத் தெருப்பக்கம் கொண்டு போய் வீட்டை நோக்கித் திருப்புங்கள். தெரு வெளிச்சம் முகத்தில் விழும், பின்னணி இருட்டுக் கதவு. திசையை மாற்ற முடியாத ஷாட்டுக்கு 4 அடிக்கு 2 அடி தெர்மோகோல் தட்டு இரண்டு வாங்கி, வெயில் படும் இடத்திலிருந்து முகத்துக்குத் திருப்புங்கள், 4 அடிக்குள். கீழிருந்து அடித்தால் பேய்ப்பட வெளிச்சமாகும், கண் உயரத்துக்கு மேலே பிடிக்கவும். ஒரு தட்டில் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டினால் தூரத்திலிருந்தும் அடிக்கும். தெருவில் கொஞ்சம் வெளுப்பு மிஞ்சினால் விட்டுவிடுங்கள்.

முக்காலி: போட்டோ முக்காலியில் பேன் தாவித் தாவி வரும். கைப்பிடியைப் பிடிக்காமல், ஒரு ரப்பர் பேண்டைக் கைப்பிடியில் மாட்டி அதைச் சீராக இழுங்கள். ஃப்ரேமின் ஒரு ஓரத்தில் இருக்கும் பொருள் மறு ஓரம் போக 7 நொடி ஆக வேண்டும். 25 ஃப்ரேமில் அதைவிட வேகம் என்றால் இடறும். நடுக்கம்பியை உயர்த்தாமல், அதன் கொக்கியில் 3 கிலோ மணல் பையைத் தொங்க விடவும். தரைமட்ட ஷாட்டுக்கு அரிசி நிரப்பிய தலையணை உறை முக்காலியைவிட நன்று.

கத்தரிமேசை:
கார்டிலிருந்து எடுக்கும்போது கிளிப்பை மட்டும் இழுக்காமல், 'பிரைவேட்' உட்பட எல்லா ஃபோல்டரையும் அப்படியே இரண்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதற்குப் பிறகே கார்டை அழிக்கலாம். ஏவிசிஎச்டியில் நீண்ட டேக் 2 ஜிபிக்கு ஒரு கோப்பாக உடையும். அந்த எம்டிஎஸ் கோப்புகளைத் தனித்தனியாக டைம்லைனில் வைத்தால் ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப்போகும். கேமரா நிறுவன மென்பொருள் வழியாக எடுத்தால் சேர்ந்தே வரும்.

டைம்லைனை முதலிலேயே 1920x1080, 25 என்று வைக்கவும். எடிட் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும், கணினி திணறினால் ப்ராக்ஸி (எடிட்டுக்கான இலகுவான நகல்) உருவாக்கவும். இது 8 பிட் படம். நிழலைத் தூக்கினால் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். மாறுபாட்டைக் கொஞ்சம் ஏற்றுவது, நிறச்செறிவைக் கொஞ்சம் இறக்குவது, அதோடு நிறுத்துங்கள்.

வைகைக்கரை:
கடைசியாக ஒன்று. கிளாப் பலகை இல்லை. கேமராவில் பதியும் ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் அலைவடிவம் பார்த்துத் தானாகச் சேர்த்தால் போதுமா?

ஒலிப்பெட்டி:
கிட்ட எடுத்த ஷாட்டுக்குப் போதும். தூரத்துல இருந்து ஜூம்ல எடுத்ததுக்கு நம்பாதீங்க. ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும், 25 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி, அதாவது சுமார் 14 மீட்டர். நிழல்வீதி சொன்ன 65 அடிக்கு வந்தீங்கன்னா கேமரா மைக்குக்கு வசனம் ஒன்றரை ஃப்ரேம் தாமதமாப் போய்ச் சேரும். அலைவடிவத்தை வச்சுச் சேர்த்தா ரெக்கார்டர் ஒலியும் அதே அளவு பிந்தி உக்காரும், உதடு ஒட்டாது. பலகை வேண்டாம். நடிகர் முகத்துக்குப் பக்கத்துல, ரெண்டு கையும் ஃப்ரேம்ல தெரியுற மாதிரி ஒரே ஒரு தட்டு. தட்டுறதுக்கு முன்னாடி காட்சி எண், டேக் எண் சொல்லுங்க. கை ஒட்டுற ஃப்ரேமைக் கண்ணால பார்த்து, ரெக்கார்டர் அலைவடிவத்தோட கூர்முனையை அங்க வையுங்க. டேக் முடிஞ்சதும் மறந்து கேமராவை நிறுத்திடாம, இன்னொரு தட்டு தட்டிக்கோங்க. ஆரம்பத் தட்டு ஃப்ரேமுக்கு வெளிய போயிருந்தா அது உதவும்.